மலர்களால் ஆன மங்கை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் குறளைப் பற்றியோ, சிலம்பைப் பற்றியோ, கம்பனைப் பற்றியோ பேசுதல் வழக்கம். இன்று அவ்வழக்கினின்றும் சற்றே விலகி, கடல் கடந்த ஒரு சிறு நாட்டின் பழங்கதை ஒன்றை உங்கள் முன் வைக்க விழைகின்றோம். அந்நாடு வேல்ஸ். இங்கிலாந்தின் மேற்கே, மலையும் மழையும் நிறைந்த நிலம். அக்கதையின் தலைவி பிளோடைவெத் என்னும் மங்கை. ‘மலர் முகத்தாள்’ என்பது அப்பெயரின் பொருள்.

வேல்ஸ் நாட்டுக் கதைக்கும் இக்காலனியில் வாழும் நமக்கும் என்ன உறவு எனச் சிலர் வினவலாம். நாம் பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் குடும்பத்தினர். நம் பிள்ளைகள் வீட்டில் ஒரு மொழியும், தெருவில் ஒரு மொழியும், பள்ளியில் ஒரு மொழியும் பேசி வளர்கின்றனர். ஒரு கதை தன் தாய்மொழியை விட்டு அயல்மொழிக்குள் குடியேறினால் அதற்கு என்ன நேர்கின்றது? இவ்வினா நமக்கு ஏட்டு வினா மட்டுமன்று; வீட்டு வினாவும் ஆகும். பிளோடைவெத்தின் கதை அதற்கு ஒரு விடை கூறுகின்றது.

முதலில் கதையைக் கேளுங்கள். வெல்ஷ் மொழியில் ‘மாபினோகி’ எனப்படும் நான்கு கிளைக் கதைகள் உள. அவற்றைத் தாங்கிய ஏடுகளுள் தலையாயவை இரண்டு. 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட ‘ரிதெர்க்கின் வெள்ளை நூல்’ ஒன்று. அந்நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுதப்பட்ட ‘ஹெர்கெஸ்டின் சிவப்பு நூல்’ மற்றொன்று. நம் மங்கை நான்காம் கிளையில் வருகின்றாள்.

லெய் என்பவன் ஓர் இளவீரன். அவனைப் பெற்ற அரியன்ரோட் அவனைத் தன் மகன் என ஏற்க மறுத்து, மூன்று விதிகளை அவன் தலைமேல் சுமத்தினாள். தான் இட்டாலன்றி அவனுக்குப் பெயர் இல்லை; தான் தந்தாலன்றிப் படைக்கலம் இல்லை; மண்ணுலகில் பிறந்த எக்குலத்துப் பெண்ணும் அவனுக்கு மனைவி ஆகாள். முதல் இரண்டையும் குவிடியன் என்னும் மாயவித்தைக்காரன் சூழ்ச்சியால் வென்றான். மூன்றாவதை வெல்ல, அரசன் மாத்தும் குவிடியனும் கூடி ஓர் உபாயம் செய்தனர். ஓக் மரத்தின் பூவையும், புரூம் என்னும் புதரின் மஞ்சள் பூவையும், ஈரப் புல்வெளியில் பூக்கும் ஒரு வெண்ணிற மணப்பூவையும் கொணர்ந்து, மந்திரத்தால் ஒரு பெண்ணைப் படைத்தனர். அவளை லெய்க்கு மணம் முடித்தனர். அவள் விருப்பத்தை ஒருவரும் கேட்டாரில்லை.

ஒருநாள் லெய் இல்லாத வேளையில், வேட்டையாடி வந்த குரோனு என்னும் தலைவன் அவ்வீட்டில் விருந்தினனாகத் தங்கினான். கண்டதும் காதல் பிறந்தது. கணவனைக் கொன்றுவிட இருவரும் உறுதி பூண்டனர். ஆனால் லெய்யைக் கொல்லுதல் எளிதன்று. வீட்டுக்குள்ளும் அவனைக் கொல்ல இயலாது, வெளியிலும் இயலாது. குதிரைமீது இருக்கும்போதும் இயலாது. தரையில் நிற்கும்போதும் இயலாது. இதனைக் கேட்கும்போதே நமக்கு இரணியன் பெற்ற வரம் நினைவுக்கு வருகின்றது அன்றோ? ஆற்றங்கரையில் கூரை வேய்ந்த ஒரு நீராட்டுத் தொட்டியின் விளிம்பில் ஒரு காலும், ஓர் ஆட்டின் முதுகில் மறுகாலும் வைத்து நின்றால், ஓராண்டு முழுதும் ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டு வேளைகளில் மட்டுமே வடித்த வேலால் அவனை வீழ்த்தலாம். கவலைப்படுபவள்போல நடித்து இம்மறையை மனைவி கேட்டறிந்தாள். ஓராண்டு கழிந்தபின், நின்று காட்டுமாறு வேண்டினாள். பேதைக் கணவன் நின்றும் காட்டினான். மறைந்திருந்த குரோனுவின் வேல் பாய்ந்தது. லெய் கழுகாக மாறி, அலறியவாறு பறந்தொழிந்தான்.

குவிடியன் அவனைத் தேடிக் கண்டு, மீண்டும் மனித உருவம் தந்தான். பழிக்குப் பழியாகக் குரோனு அதே ஆற்றங்கரையில் வேலேற்க நிற்க நேர்ந்தது. தனக்கும் வேலுக்கும் இடையே ஒரு கல்லைப் பிடித்துக்கொள்ள அவன் இசைவு பெற்றான். லெய் எறிந்த வேல் கல்லையும் துளைத்து அவனையும் துளைத்தது. துளையுடைய அக்கல் என்று ஒன்றை வடமேற்கு வேல்ஸில் கின்வல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் காட்டுகின்றனர். பிளோடைவெத்தையோ குவிடியன் கொல்லவில்லை. பகலில் முகம் காட்ட அஞ்சுமாறு, பிற பறவைகள் எல்லாம் பகைக்குமாறு, ஆந்தையாக்கினான். ஆயினும் பெயரை அவளிடமிருந்து பறிக்கவில்லை. அவள் என்றென்றும் பிளோடைவெத் என்றே அழைக்கப்படுவாள் என்று கூறிவிட்டான்.

அவன் கூறியது பலித்தது. பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அப்பெயர் அழியவில்லை. அது எவ்வாறு வாழ்ந்தது என்பதைக் காண்போம்.

இக்கதைகளை ஆங்கில உலகின் கைக்குக் கொண்டு சேர்த்தவர் ஓர் ஆங்கிலப் பெருமாட்டி, சார்லட் கெஸ்ட் என்பார். வேல்ஸில் டவ்லைஸ் என்னும் ஊரில் பெரும் இரும்பாலை நடத்தியவரை மணந்து அங்குச் சென்றவர், வெல்ஷ் மொழியைக் கற்றார். பல குழந்தைகளை வளர்த்துக்கொண்டே, அறிஞர் சிலர் துணையோடு மாபினோகிக் கதைகளை மொழிபெயர்த்தார். 1838-இல் வெளிவரத் தொடங்கிய அப்பணி 1849-இல் மூன்று தொகுதிகளாக நிறைவுற்றது. புகுந்த ஊரின் மொழியை மதித்துக் கற்ற ஒருவரால் அவ்வூருக்கு விளைந்த நன்மை இது. வேற்று மாநிலத்தில் வாழும் நாமும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி, இக்கதையைப் புதிய கண்கொண்டு பார்த்தவருள் முதன்மையானவர் சாண்டர்ஸ் லூயிஸ். இவர் பிறந்தது வேல்ஸில் அன்று. 1893-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், லிவர்ப்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள வாலசி என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் குடிபெயர்ந்து வாழ்ந்த வெல்ஷ் மக்களின் திருச்சபையில் போதகர். நம் காலனியைப் போன்றதொரு சூழலில், வீட்டில் வெல்ஷும் வெளியில் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்த பிள்ளை அவர். அப்பிள்ளையே பின்னாளில் வெல்ஷ் மொழியின் தலைசிறந்த நாடக ஆசிரியர் ஆனார். ‘பிளோடைவெத்’ என்னும் நாடகத்தின் முற்பகுதியை 1920-களில் ஓர் இலக்கிய இதழில் வெளியிட்டார். 1948-இல் முழுமையாக்கி அரங்கேற்றினார்.

பழங்கதையில் பிளோடைவெத் கணவனுக்கு இரண்டகம் செய்த கொடியவள். லூயிஸ் அவளை நோக்கி வேறொரு வினாவை எழுப்பினார். இவளுக்குத் தாய் உண்டா? தந்தை உண்டா? உடன்பிறந்தார், குலம், கொடிவழி, இளமை நினைவு ஏதேனும் உண்டா? பிறர் தேவைக்காகக் காட்டினின்றும் பறித்துக் கொணர்ந்த பூ, அந்த வீட்டின் அறத்தை எங்ஙனம் அறியும்? அவளுடைய தனிமையே அந்நாடகத்தின் உயிர். அதற்காக அவள் செய்த தீங்கை அவர் மறைக்கவும் இல்லை. வேரில்லாமை எத்துணைக் கொடிது என்பதை அவள் வாயிலாகவே உணர்த்தினார்.

தமிழில் இதனையொத்த முயற்சியை நாம் அறிவோம். நான்முகன் அழகையெல்லாம் திரட்டிப் படைத்து, கோதமனுக்குக் கொடுத்த பெண் அகலிகை என்பர். அவளும் பிழை செய்தாள், கல்லானாள். 1943-இல் புதுமைப்பித்தன் ‘சாப விமோசனம்’ எழுதியபோது, கல்லிலிருந்து எழுந்த பின் அவள் உள்ளம் என்ன பட்டது என்று வினவினார். ஏறக்குறைய அதே காலத்தில் வேல்ஸில் ஒருவர் ஆந்தையாக்கப்பட்டவளின் உள்ளத்தைத் தேடிக்கொண்டிருந்தார். ஒருவரையொருவர் அறிந்தாரல்லர். பழங்கதையைப் போற்றுதல் என்பது அதனை அப்படியே ஒப்பித்தல் மட்டுமன்று. அதனிடம் புதிய வினாவைக் கேட்டலும் போற்றுதலே.

அடுத்து, ஆங்கிலத்தில் குடியேறிய பிளோடைவெத்தைக் காண்போம். அமெரிக்க எழுத்தாளர் இவாஞ்சலின் வால்ட்டன் 1936-இல் நான்காம் கிளையை ஒரு நாவலாக எழுதினார். அன்று அது மக்களிடையே பரவவில்லை. 1970-இல் வேறு பெயரோடு மீண்டும் வெளியானபோது, மாயக்கதைகளை விரும்பும் இளைஞர் பலர் அதனைக் கையில் எடுத்தனர். ஆயினும் இக்கதையைப் பிரித்தானியப் பிள்ளைகளின் வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தது ஆலன் கார்னர் எழுதிய ‘தி அவுல் சர்வீஸ்’ என்னும் நாவலே. 1967-இல் வெளிவந்த அந்நூல், சிறுவர் இலக்கியத்துக்கான கார்னகி பதக்கத்தையும் கார்டியன் பரிசையும் பெற்றது.

‘சர்வீஸ்’ என்பது இங்கு விருந்துக்குரிய பீங்கான் தட்டுகளின் வரிசையைக் குறிக்கும். பூ வேலைப்பாடு அமைந்த அத்தகைய தட்டு வரிசை ஒன்று, பின்னாளில் கார்னருக்கு மனைவியான பெண்ணின் வீட்டில் இருந்தது. அப்பூக்களை வேறு வகையாகக் கூட்டிப் பார்த்தால் ஆந்தை உருவம் தோன்றியது. பூவா, ஆந்தையா? பார்க்கும் கண்ணைப் பொறுத்தது. பழங்கதை முழுதும் ஒரு தட்டில் அடங்கியிருக்கக் கண்டார் கார்னர். வேல்ஸின் ஒரு பள்ளத்தாக்கில் கதையை நிறுத்தினார். அதன்பொருட்டு வெல்ஷ் மொழியையும் கற்றார்.

கதையில் மூன்று இளையோர் வருகின்றனர். அலிசன் என்னும் ஆங்கிலச் சிறுமி. அவள் தாயின் மறுமணத்தால் அவளுக்கு அண்ணன் முறையான ராஜர். அவ்வீட்டில் சமையல் முதலிய வேலைகளுக்கு வந்த நான்சி என்பாளின் மகன் குவின். பரணில் கிடந்த தட்டுகளின் ஓவியத்தை அலிசன் தாளில் பிரதி எடுத்து ஆந்தைகளாக மடிக்கின்றாள். தட்டுகளிலிருந்து ஓவியம் மறைகின்றது. பழைய காதலும் பொறாமையும் பகையும் இம்மூவரையும் பற்றத் தொடங்குகின்றன. தலைமுறைதோறும் அப்பள்ளத்தாக்கில் அக்கதை மீண்டும் நிகழ்ந்தே தீரும் என்பது நாவலின் கற்பனை.

தாய்மார்களே! இந்நாவலில் நம் நெஞ்சைத் தைப்பது மாயம் அன்று. நான்சி என்னும் தாய். பள்ளத்தாக்கை விட்டு வெளியேறி, அபரிஸ்ட்வித் நகரில் உழைத்து, தன் ஒரே மகனைப் படிக்க வைத்தவள் அவள். மகன் வெல்ஷ் மொழியில் பேசினால் சினக்கின்றாள். கூலிக்காரன்போல் பேசவா உன்னை இத்தனை பாடுபட்டு வளர்த்தேன் என்பது அவள் எண்ணம். அவள் கல்நெஞ்சக்காரி அல்லள். மகன் முன்னேற வேண்டும் என்னும் ஆசையே அவளை அவ்வாறு பேச வைக்கின்றது. வேல்ஸின் வரலாறு அறிந்தார்க்கு அவளுடைய அச்சம் புரியும். 19-ஆம் நூற்றாண்டில் அந்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில், தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிட்டு நாணச் செய்யும் வழக்கம் இருந்தது.

அதே நான்சி செய்த மற்றொன்றையும் காணுங்கள். மகன் அப்பள்ளத்தாக்கை அதற்கு முன் கண்டதே இல்லை. ஆயினும் அதன் பாதையும் பாறையும் அவனுக்குத் தெரியும். எப்படி? தாய் ஓயாமல் ஊரைப் பற்றிப் பேசியிருக்கின்றாள். மொழியை விலக்கிய அவளால் ஊரை விலக்க முடியவில்லை. ஊர்க் கதையை மகனுக்கு ஊட்டிக்கொண்டே, அக்கதை பிறந்த மொழியை அவன் வாயினின்றும் பிடுங்குகின்றாள். இந்த முரண்பாடு வேல்ஸ் நாட்டுக்கு மட்டும் உரியதா? நம் உள்ளத்தை நாமே கேட்டுக்கொள்வோம்.

குவின் அறிவுடைய பிள்ளை. தன் ஆங்கில உச்சரிப்பைத் திருத்திக்கொள்ள எண்ணி, பேச்சுப் பயிற்சி இசைத்தட்டுகளை இரகசியமாக வாங்கி வைத்திருக்கின்றான். அவற்றை ஒலிக்கச் செய்யும் கருவி அவனிடம் இல்லை. இச்செய்தியை அலிசனிடம் மட்டும் நம்பிக் கூறுகின்றான். அவள் வாய்வழி அது ராஜர் காதுக்கு எட்டுகின்றது. ராஜர் எள்ளி நகையாடுகின்றான். அந்த ஏளனம் குவின் நெஞ்சில் ஆறாப் புண்ணாகின்றது.

இறுதியில் ஒரு மழை இரவில், ஆந்தையின் ஆற்றல் அலிசனைப் பற்றி அவளை அழிக்க முற்படுகின்றது. அவளை மீட்க வல்லவன் குவின் என்று ஊர் நம்புகின்றது. ஹியூ என்னும் முதியவர் அவனிடம் மன்றாடுகின்றார். பட்ட புண்ணால் குவின் நெஞ்சு இறுகிக் கிடக்கின்றது. ஓர் அன்புச் சொல்லும் அவன் வாயினின்றும் வரவில்லை. முடிவில் ராஜர்தான் தன் பகையை மறந்து அவளருகே சென்று, அவள் ஆந்தை அல்லள், பூக்களே என்று விடாது எடுத்துச் சொல்கின்றான். அறை எங்கும் பூவிதழ்கள் சொரிகின்றன. கதை முடிகின்றது.

இம்முடிவைப் படித்த வெல்ஷ் மக்களுள் சிலர்க்கு மனக்குறை எழுந்திருக்கக்கூடும். தம் கதையின் முடிச்சை அயலான் ஒருவன் அவிழ்ப்பதா எனக் கேட்பது இயல்பே. நாம் இதனை வேறு விதமாகக் கொள்கின்றோம். கதைக்குரிய பிள்ளையை அவன் தாய் ஒருபுறம் நாணச் செய்தாள். தோழர் மறுபுறம் எள்ளினர். இருபுறமும் காயம்பட்ட பிள்ளை, தேவையான வேளையில் வாய் திறவாமல் நின்றான். கார்னர் இதனை ஏட்டறிவால் எழுதியவர் அல்லர். செஷயர் நாட்டுப்புறத்தில் வளர்ந்த அவர், வீட்டுப் பேச்சைப் பள்ளியில் பேசியதற்காகத் தம் வாயைச் சோப்பிட்டுக் கழுவினர் என்று தம் இளமை பற்றிக் கூறியுள்ளார்.

இந்நாவல் 1969-70-இல் எட்டுப் பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. பின்னர் மாபினோகிக் கதைகளை ஒட்டி 2003-இல் ஒரு கேலிச்சித்திரத் திரைப்படம் வெல்ஷிலும் ஆங்கிலத்திலும் எடுக்கப்பட்டது. 2010-இல் குவினெத் லூயிஸ் என்னும் கவிஞர், பிளோடைவெத்தை விண்வெளிக்கே அழைத்துச் சென்றார். ‘தி மீட் ட்ரீ’ என்னும் அவருடைய நாவலில், எதிர்காலத்தில் கைவிடப்பட்ட ஒரு விண்கலத்தை ஆராயச் சென்ற இருவர், அங்கிருந்த மெய்நிகர் விளையாட்டுக்குள் புகுந்து இப்பழங்கதையின் பாத்திரங்களாகவே மாறுகின்றனர். இவ்வம்மையார் வேல்ஸின் முதல் தேசியக் கவிஞர். வெல்ஷ், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளிலும் எழுதுபவர்.

இதற்கு எதிரான ஓர் எடுத்துக்காட்டையும் கூறுதல் வேண்டும். மாபினோகியின் முதற்கிளையில் ரியானன் என்னும் பெண் வருகின்றாள். எவரும் எட்டிப் பிடிக்க முடியாத வெண்குதிரை மீது வந்தவள். 1975-இல் ‘ஃப்ளீட்வுட் மாக்’ இசைக்குழுவின் பாடல் ஒன்று அப்பெயரை உலகெங்கும் பரப்பியது. பாடலை இயற்றிய ஸ்டீவி நிக்ஸ் அப்பெயரை அன்றைய நாவல் ஒன்றிலிருந்து எடுத்தார். மாபினோகிக் கதையைப் பிற்பாடே அறிந்தார். பெயரின் இனிமை மட்டுமே அவரை ஈர்த்திருக்கின்றது. பாடல் இனிய பாடலே. அதனை நாம் குறை கூறவில்லை. பெயர் தன் கதையை விட்டுத் தனியே பயணம் செய்ய வல்லது என்பதற்கு அது சான்று. பயணம் போன பெயரை அடையாளம் கண்டு, இது எம் வீட்டுப் பெண் எனச் சொல்ல ஊரில் ஆள் இருத்தல் வேண்டும்.

அத்தகையோர் வேல்ஸில் இருக்கின்றனரா? 1901-இல் அந்நாட்டு மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் வெல்ஷ் பேசினர். 1961-இல் அது நூற்றுக்கு 26 ஆகக் குறைந்தது. மறு ஆண்டு, 1962 பிப்ரவரியில், முதியவரான சாண்டர்ஸ் லூயிஸ் வானொலியில் ‘மொழியின் விதி’ என்னும் உரையை நிகழ்த்தினார். போராடாவிடின் மொழி மாயும் என்று எச்சரித்தார். அவ்வுரை கேட்டு இளைஞர் எழுந்தனர். மொழிக் கழகம் கண்டனர். 1982-இல் வெல்ஷ் மொழிக்கெனத் தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கிற்று. 2011-இல் இயற்றிய சட்டம் அதற்கு வேல்ஸில் ஆட்சிமொழித் தகுதியை உறுதி செய்தது. ஆயினும் 2021 கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசுவோர் சுமார் 5,38,000 பேர், நூற்றுக்கு 17.8. வெற்றி முழுமையன்று, தோல்வியும் முடிவானதன்று.

கார்னரின் நான்சி மகனுக்கு வெல்ஷை மறுத்து வளர்த்த ஊர் அபரிஸ்ட்வித் எனக் கூறினோம். அது கற்பனை. அதே ஊரில் உண்மையாக நடந்த ஒன்று உண்டு. அங்கே 1939-இல், ஏழே பிள்ளைகளோடு, வெல்ஷ் வழியில் கற்பிக்கும் முதல் தொடக்கப் பள்ளியைப் பெற்றோரும் ஆர்வலரும் கூடித் தொடங்கினர். இன்று நாடு முழுதும் அத்தகைய பள்ளிகள் பல உள. பிளோடைவெத்தின் கதையைத் தாங்கிய வெள்ளை நூலும் அந்நகரின் தேசிய நூலகத்தில்தான் இருக்கின்றது. ஏடு நூலகத்தில் பத்திரமாக உள்ளது. ஆனால் அதனைப் படித்துச் சிரிக்கவும் அழவும் பிள்ளைகளை உண்டாக்கியவை அந்த ஏழு வீடுகளும் அவற்றின் வழிவந்த வீடுகளுமே.

ஆதலின் அன்பர்களே, நம் பிள்ளைகள் இந்தியும் ஆங்கிலமும் இவ்வூர் மொழியும் செம்மையாகக் கற்கட்டும். சார்லட் கெஸ்டும் கார்னரும் அயல்மொழி கற்றே அருஞ்செயல் செய்தனர். அதனோடு நம் வீட்டில் நாம் செய்யத்தக்கவை இரண்டு. தெருவில் தமிழ் பேசும் பிள்ளையை, பிறர் முன் நாணி, வாயடக்காதிருப்போம். இது நான்சி செய்த பிழை. தட்டுத் தடுமாறித் தமிழ் பேசும் பிள்ளையை, ழகரம் வரவில்லை, பால் விகுதி தவறிற்று என்று விருந்தினர் நடுவே நகையாடாதிருப்போம். இது ராஜர் செய்த பிழை. முன்னதைக் காட்டிலும் பின்னதையே நாம் மிகுதியாகச் செய்கின்றோம் என்பதை, இங்கு அமர்ந்துள்ள இளையோர் முகத்தில் தோன்றும் புன்னகை சொல்கின்றது. நகைக்கப்பட்ட பிள்ளை மீண்டும் வாய் திறவான். பிழையோடு சொன்ன கதையைத் திருத்திக்கொள்ளலாம். சொல்லாமல் விட்ட கதையை என் செய்வது?

இன்றிரவு வீடு திரும்பியதும், ஏதேனும் ஒரு கதையைப் பிள்ளைக்குத் தமிழில் சொல்லுங்கள். அகலிகை கதையாயினும் ஆகுக. இந்த மலர் மங்கையின் கதையாயினும் ஆகுக. நாளை அவன் அதனைத் தன் சொல்லில், தன் பிழையோடு, தன் தங்கைக்குச் சொல்லட்டும். இடைமறியாது கேட்போம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!